சாசேஜ் பாக்கெட்டின் பின்பக்கம்

ஆழ்வார்பேட்டையில் பீஃப் ஹாட் டாக் தேடி அலைபவர் பெரும்பாலும் வெறுங்கையோடு வீடு திரும்புவார். டி.டி.கே. சாலையிலும் சி.பி. ராமசாமி சாலையிலும் காபி ஷாப்புகளுக்கும் பேக்கரிகளுக்கும் பஞ்சமில்லை. மெனுவில் ஹாட் டாக் இருக்கும். பன்னுக்குள் இருப்பது கோழி. சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரின் கதவைத் திறந்தாலும் சிக்கன் சாசேஜ், சிக்கன் ஃபிராங்க்ஃபர்ட்டர், சிக்கன் சலாமி, மூலையில் இரண்டு பாக்கெட் பன்றி. மாட்டுக்கறி வேண்டுபவர் ஜாம்பஜார், புதுப்பேட்டை பக்கம் போக வேண்டும். அங்கே கிடைப்பது கறி, எலும்பு, குடல். சாயங்காலமானால் வாணலியில் பீஃப் ஃப்ரை. சாசேஜ் அங்கேயும் இல்லை.

ஆனாலும் பீஃப் ஹாட் டாக் இந்தப் பேட்டைக்கு அந்நியமில்லை. பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் ஹாட் டாக் கொடுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் சேதி வந்தால் பாட்டி கேட்கும் முதல் கேள்வி, "அது மாடாடா?" "இல்லம்மா, சிக்கன்தான்" என்று பதில் வந்ததும் ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியில் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று சாதி, சமயம், வளர்ப்பு சார்ந்தது. அதில் தலையிட அறிவியலுக்கு வேலை இல்லை. மற்றொன்று, மாடு இல்லையென்றால் உடம்புக்குக் கெடுதலும் இல்லை என்ற கணக்கு. இதைத்தான் இந்த அத்தியாயம் சோதிக்கப் போகிறது.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் புன்னகைக்கும் குழந்தை. பின்பக்கத்தில் பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்து. இறைச்சி, தண்ணீர், தாவர எண்ணெய் அல்லது கொழுப்பு, சோயாப் புரதம், ஸ்டார்ச், உப்பு, மசாலா, பிறகு சேர்க்கைப் பொருள்களின் எண்கள். ஐ.என்.எஸ். 451 என்றால் பாஸ்பேட், தண்ணீரை இறைச்சிக்குள் பிடித்து வைப்பதற்கு. 316 என்றால் சோடியம் எரித்தார்பேட், வைட்டமின் சி-யின் உறவுக்காரர். 250 என்றால் சோடியம் நைட்ரைட். இந்த 250தான் நம் கதாநாயகன், வில்லனும் அவனே.

அமெரிக்க பீஃப் ஹாட் டாக்கின் சத்துக் கணக்கு அந்நாட்டு வேளாண் துறையின் பட்டியலில் இருக்கிறது. 100 கிராமுக்குச் சுமார் 320 கலோரி. கொழுப்பு 29 கிராமை ஒட்டி, புரதம் 11 கிராமை ஒட்டி, சோடியம் 1000 மில்லிகிராமுக்கு மேல். கொழுப்பு 30 சதவீதம் வரை இருக்கலாம் என்று அங்கே சட்டமே இடம் கொடுக்கிறது. அதே பட்டியலில் கொழுப்பு நீக்கிய பச்சை எருமைக்கறி எப்படி என்று பார்த்தால், 100 கிராமில் புரதம் 20 கிராம், கொழுப்பு 2 கிராமுக்கும் குறைவு. ஆக, இறைச்சி என்ற பெயரில் நாம் நினைத்துக்கொள்ளும் புரதத்தில் ஏறக்குறைய பாதிதான் ஹாட் டாக்கில் வந்து சேர்கிறது. மீதி இடத்தைக் கொழுப்பும் தண்ணீரும் நிரப்புகின்றன.

தமிழ்நாட்டு மாட்டுக்கறியின் கதையும் வேறு. 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவாகப் பத்து வயது தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். பசுவையும் கிடாரியையும் வெட்டக் கூடாது என்று 1976இல் அரசாணை வந்தது. உழைத்து மூத்த விலங்கின் கறி கொழுப்பில்லாமல் நார்நாராக இருக்கும். வேக நேரம் பிடிக்கும். தானியம் தின்று கொழுத்த அமெரிக்க மாட்டின் வெட்டுத் துண்டுகளில் இருந்து வருவது ஹாட் டாக். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துப் பயப்படுவதோ பெருமைப்படுவதோ சரியில்லை.

சாசேஜ் செய்யும் விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. கறித் துண்டுகளையும் கொழுப்பையும் பெரிய கிண்ணம் போன்ற இயந்திரத்தில் போட்டு, சுழலும் கத்திகளால் விழுதாக அரைக்கிறார்கள். அரைக்கும்போது சூடு ஏறினால் கொழுப்பு பிரிந்துவிடும். அதனால் பனிக்கட்டியைச் சேர்த்துக்கொண்டே போவார்கள், கிரைண்டரில் உளுந்து ஆட்டும்போது மாவு சூடாகாமல் இருக்க ஜில் தண்ணீர் தெளிப்பது போல. உப்பு புரதத்தைக் கரைக்க, கரைந்த புரதம் கொழுப்புத் துளிகளைச் சுற்றிக்கொள்ள, விழுது இறுகுகிறது. குழாயில் அடைத்து, புகை காட்டி, வேகவைத்து, மேலுறையை உரித்துவிட்டால் முடிந்தது. கத்தியால் எடுக்க முடியாமல் எலும்பில் ஒட்டியிருக்கும் சதையை இயந்திரத்தால் அழுத்திப் பிதுக்கி எடுக்கும் முறையும் உண்டு. மாட்டில் அதைச் செய்து மனிதர் உணவில் சேர்க்கக் கூடாது என்று 2004இல் அமெரிக்கா தடை விதித்தது. மாட்டுப் பித்து நோய் பற்றிய அச்சம்தான் காரணம். கோழிக்கு அந்தத் தடை இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம். மாடு கூடாது, கோழி தேவலை என்பவர்களின் காதில் இதைப் போட்டு வைக்கிறேன்.

அமெரிக்காவில் பீஃப் ஹாட் டாக்குக்கு ஒரு சுத்தமான பெயர் வந்ததே சமயத்தால்தான். பன்றி உண்ணாத யூதர்களுக்காக நியூயார்க்கில் முழு மாட்டிறைச்சி சாசேஜ்கள் வந்தன. ஹீப்ரூ நேஷனல் நிறுவனம் 1905இல் அங்கேதான் தொடங்கியது. சமய விதிக்காகச் செய்ததை மற்றவர்கள் ஆரோக்கியத்துக்கான முத்திரையாக எடுத்துக்கொண்டு, பன்றி சாசேஜைவிட இது மேல் என்று வாங்கத் தொடங்கினார்கள். நம் ஊரில் அதே நாடகம், வேஷம் மட்டும் கோழிக்கு.

இனி 250க்கு வருவோம். குக்கரில் வெந்த ஆட்டுக்கறி பழுப்பாகிவிடும். சாசேஜை எத்தனை நேரம் வேகவைத்தாலும் இளஞ்சிவப்பு மாறாது. தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் நடுவே ஹீம் என்ற இரும்பு மூலக்கூறு இருக்கிறது. நைட்ரைட்டிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு அந்த இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. சூடு பட்டாலும் அந்த ஒட்டு விடுவதில்லை, நிறமும் போவதில்லை. உப்பிட்ட இறைச்சியின் இந்த நிற வேதியியலை 1901இல் விளக்கியவர் பிரிட்டிஷ் உடலியலாளர் ஜே.எஸ். ஹால்டேன். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கசாப்புக்காரர்கள் காரணம் தெரியாமல் உப்போடு வெடியுப்பைக் கலந்து வந்தார்கள்.

நிறத்துக்காக மட்டும் என்றால் நைட்ரைட்டை என்றோ தூக்கி எறிந்திருப்பார்கள். ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் சாசேஜ் சாப்பிட்டவர்கள் கண் இமை தொங்கி, நாக்கு குழறி, மூச்சு முட்டி இறந்துகொண்டிருந்தார்கள். 1820களில் அதை விரிவாகப் பதிவு செய்தவர் யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர். அவர் கவிஞரும்கூட, அந்த நஞ்சைச் சிறிதளவு தாமே சாப்பிட்டுப் பார்த்தவர். 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் ஊரில் ஒரு சாவு வீட்டில் வாசிக்கப் போன பேண்டு வாத்தியக்காரர்கள் பதப்படுத்திய பன்றித் தொடை சாப்பிட்டு விழுந்தார்கள், மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்துதான் எமில் வான் எர்மென்கெம் கிருமியைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். காற்றுப் புகாத இடத்தில் வளரும் அந்தக் கிருமியை நைட்ரைட் அடக்கி வைக்கிறது. ஆகவே 250 உயிர் காக்கும் எண்ணும்கூட.

சிக்கல் 1956இல் வெளிப்பட்டது. பீட்டர் மாகி, ஜான் பார்ன்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நைட்ரோசமைன் வகையைச் சேர்ந்த ஒரு பொருள் எலிகளின் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்குவதைக் காட்டினார்கள். நைட்ரைட்டும் புரதத்தின் சிதைவிலிருந்து வரும் அமைன்களும் அமிலச் சூழலிலோ கடும் சூட்டிலோ சேர்ந்தால் இந்த இனம் பிறக்கும். நம் இரைப்பை அமிலச் சூழல். தோசைக்கல் கடும் சூடு. 316ஆம் எண்காரரைச் சேர்ப்பது இந்தச் சேர்க்கையைக் குறைக்கத்தான். குறைக்கும், இல்லாமலாக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் புதிய விதி கொண்டுவந்து, சேர்க்கக்கூடிய நைட்ரைட் அளவை மேலும் இறக்கியது.

இங்கே ஒரு நல்ல ஆட்சேபம் வரும். கீரையில் நைட்ரேட் இல்லையா? மயிலாப்பூர் மாட வீதியில் கட்டுக்கட்டாக விற்கும் முளைக்கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் ஏராளம். நம் உடலுக்குள் போகும் நைட்ரேட்டில் பெரும்பங்கு காய்கறி வழியாகத்தான் போகிறது. வாயில் இருக்கும் பாக்டீரியா அதில் ஒரு பகுதியை நைட்ரைட்டாகவும் மாற்றிவிடுகிறது. அப்படியானால் கீரை மசியலும் சாசேஜும் ஒன்றா?

ஒன்றில்லை. கீரையோடு வைட்டமின் சி-யும் துவர்ப்புப் பொருள்களும் வருகின்றன. அவை நைட்ரைட்டை வேறு பாதையில் திருப்புகின்றன. ஹீம் வருவதில்லை. சாசேஜில் நைட்ரைட், அமைன், ஹீம் மூன்றும் ஒரே கவளத்தில் கூடியிருக்கின்றன. 2003இல் கேம்பிரிட்ஜில் ஷீலா பிங்கம் குழுவினர் தன்னார்வலர்களுக்கு அளந்து உணவு கொடுத்து மலத்தைச் சோதித்தார்கள். குடலுக்குள் நைட்ரோசோ சேர்மங்கள் கூடுவதற்குக் காரணம் ஹீம்தான், வெறும் புரதமோ சாதாரண இரும்போ அல்ல என்று அந்தச் சோதனை காட்டியது. கோழியில் ஹீம் குறைவு; இந்த ஒரு கணக்கில் சிக்கன் சாசேஜுக்குச் சலுகை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உப்பு, நைட்ரைட் கணக்குகளில் கிடையாது. 'இயற்கையான பதப்படுத்தல்' என்று செலரிப் பொடி சேர்த்து விற்பவை உண்டே என்றால், செலரியிலிருந்து வந்தாலும் நைட்ரைட் நைட்ரைட்தான்.

26 அக்டோபர் 2015 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஒரு அறிவிப்பு வெளியிட்டது. பத்து நாடுகளின் 22 வல்லுநர்கள், 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்து, பதப்படுத்திய இறைச்சியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதியில் சேர்த்தார்கள். புகையிலையும் அதே தொகுதியில் இருப்பதால் 'ஹாட் டாக் சிகரெட்டுக்குச் சமம்' என்று தலைப்புகள் பறந்தன. அது தவறான வாசிப்பு. தொகுதி சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அது சொல்வதில்லை. உலகெங்கும் ஆண்டுக்குப் புகையிலையால் சுமார் 10 லட்சம் பேர் புற்றுநோயில் இறக்கிறார்கள் என்றால், பதப்படுத்திய இறைச்சி அதிகமுள்ள உணவால் இறப்பவர்கள் சுமார் 34,000 பேர் என்று முகமையே மதிப்பீடுகளை எடுத்துக்காட்டியது.

எந்த அளவுக்கு என்ன ஆபத்து? தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சிக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. 50 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு ஹாட் டாக். தினமும் என்ற சொல்லை விட்டுவிட்டுப் படித்தால் கணக்கு கெட்டுவிடும். 18 சதவீதம் என்பது இருக்கும் வாய்ப்பின் மேல் ஏறுவது. ஆயிரம் பேரில் ஐம்பது பேருக்கு வரும் ஊரென்றால் ஐம்பத்தொன்பது ஆகும். பத்துப் பேருக்கு வரும் ஊரென்றால் பன்னிரண்டு ஆகும். நம் நாட்டில் பெருங்குடல் புற்றுநோய் மேலை நாடுகளைவிட வெகு குறைவு. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்தே சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரித்து வருவதால், இப்படிப்பட்ட விகிதங்களை யூகிக்காமல் எண்ணிச் சொல்ல முடிகிறது.

பதப்படுத்தாத சிவப்பு இறைச்சியை, அதாவது புதுப்பேட்டை பீஃபையும் சைதாப்பேட்டை மட்டனையும், முகமை ஒரு படி கீழே, 'அநேகமாக உண்டாக்கலாம்' என்ற தொகுதியில் வைத்தது. ஆட்டுக்கறியும் சிவப்பு இறைச்சிதான். மாட்டைத் தொடமாட்டேன், மட்டன் மட்டும் என்பவருக்கு இந்தப் பட்டியலில் தனி நாற்காலி இல்லை. உப்பும் மஞ்சளும் தடவி மொட்டைமாடிக் கொடியில் காயவைக்கும் உப்புக்கண்டமும் முகமையின் வரையறைப்படி பதப்படுத்திய இறைச்சிதான். ஆனால் ரசம் சாதத்துக்கு இரண்டு துண்டு பொரித்துக்கொள்வதை யாரும் தினமும் 50 கிராம் ஆக்குவதில்லை.

புற்றுநோயைவிடச் சென்னைக்காரர் கவலைப்பட வேண்டியது இதயமும் சர்க்கரையும் என்பது என் கட்சி. 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த ரெனாட்டா மீக்காவும் சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தினம் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சிக்கு இதய நோய் வாய்ப்பு 42 சதவீதமும் நீரிழிவு வாய்ப்பு 19 சதவீதமும் கூடியிருந்தன. பதப்படுத்தாத சிவப்பு இறைச்சிக்கு இதய நோயோடு அப்படித் தொடர்பு தெரியவில்லை. அது மேற்கத்தியர் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆழ்வார்பேட்டைக்கு அடுத்த கோபாலபுரத்தில் இருக்கிற சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, பியூர் என்ற பன்னாட்டு ஆய்வில் பங்குபெற்ற நிறுவனம். 21 நாடுகளின் 1,34,000க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 2021இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: பதப்படுத்திய இறைச்சியை வாரம் 150 கிராமுக்குக் குறையாமல் உண்டவர்களுக்கு, அதை உண்ணாதவர்களைவிட இதய-ரத்தநாள நோய் வாய்ப்பு 46 சதவீதம் அதிகம். பதப்படுத்தாத சிவப்பு இறைச்சிக்கும் கோழிக்கும் அத்தகைய தொடர்பு இல்லை. வாரம் 150 கிராம் என்பது மூன்றே ஹாட் டாக். வேறுபாடு விலங்கில் இல்லை, பதப்படுத்தலில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சதவீதங்களெல்லாம் மனிதர்களைக் கவனித்துச் சொன்னவை. சோதனைக்கூடத்தில் அடைத்து ஊட்டிச் சொன்னவை அல்ல. ஹாட் டாக் அதிகம் உண்பவர் வேறு பழக்கங்களிலும் வேறுபட்டிருக்கலாம். இந்தக் காரணத்தை வைத்தே 2019இல் பிராட்லி ஜான்ஸ்டன் தலைமையிலான குழு ஒன்று, ஆதாரம் பலவீனம், உண்பதைத் தொடரலாம் என்று எழுதி பெரும் சண்டையைக் கிளப்பியது. ஆதாரத்தின் தரத்தைப் பற்றி அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. எடுத்த முடிவு சோம்பேறித்தனமானது. வேதியியல், எலிச் சோதனை, தன்னார்வலர் சோதனை, லட்சக்கணக்கானோர் ஆய்வு எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போது அவற்றில் எதைத் தனியாகப் பிரித்து எடைபோட்டாலும் லேசாகத்தான் தெரியும். மறுபக்கம், 2021இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், ஒரு பீஃப் ஹாட் டாக் ஆரோக்கியமான ஆயுளில் 36 நிமிடத்தைக் குறைக்கிறது என்று கணக்கிட்டார்கள். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். அந்த எண் மக்கள்தொகைச் சராசரி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட உதவாது.

பீஃபுக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. குடலில் கெடுதி செய்யும் அதே ஹீம்தான், உடம்பு மிக எளிதாக உறிஞ்சிக்கொள்ளும் இரும்பு. கீரை இரும்பு இதோடு போட்டி போட முடியாது. பி12 காய்கறியில் கிடையாது, கறியில் உண்டு. உண்ணும் பழக்கமுள்ள வீட்டில் வாரம் ஒருநாள் வைக்கும் பீஃப் குழம்பு, ரத்தசோகைக்கு நல்ல உணவு. அந்தச் சத்தை ஹாட் டாக்கில் தேடுவது வீண். பாதிப் புரதத்துக்கு அதிக விலை கொடுப்பது போலாகும், உப்பு இலவசம்.

அந்த உப்பு கொஞ்சமில்லை. 45 கிராம் ஹாட் டாக் ஒன்றில் 500 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு அனுமதிக்கும் 2000 மில்லிகிராமில் கால்வாசி. பன், கெச்சப், கடுகுச் சாந்து சேர்த்தால் பாதியை நெருங்கும். இதைப் படித்துவிட்டு சைவர்கள் திருப்தியாகச் சாய்ந்து உட்கார வேண்டாம். அப்பளத்தில் உப்பு மட்டுமல்ல, அப்பளக்காரமும் சோடியம்தான். ஊறுகாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தியாவில் பெரியவர்களில் 35 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ரத்தக்கொதிப்பு என்று 2023இல் வந்த 'இந்தியாப்' (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வு சொல்கிறது. அத்தனை பேரும் ஹாட் டாக் சாப்பிட்டு வரவழைத்துக்கொண்டதில்லை.

ஃப்ரிட்ஜைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லிஸ்டீரியா என்ற கிருமி 4 டிகிரிக் குளிரிலும் வளரும். 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் போலோனி என்ற மலிவான சாசேஜ் வழியாக அது பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று, 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பச்சிளங்குழந்தைகள் அதில் ஏராளம். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கிருமி கருவையே பறிக்கும். பாக்கெட்டில் 'வேகவைத்தது' என்று போட்டிருந்தாலும் அப்படியே எடுத்து சாண்ட்விச்சில் வைக்க வேண்டாம். ஆவி பறக்க, உள்ளே 74 டிகிரி எட்டும்வரை சூடாக்குங்கள். கரண்ட் போய் ஃப்ரீசரில் இளகிய பாக்கெட்டை மறுபடி உறையவைத்து உபயோகிக்காதீர்கள்.

என் தீர்ப்பு இது. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை, வெளியே போன இடத்தில் ஹாட் டாக் சாப்பிடுவது பெரிய ஆபத்தில்லை, அது மாடானாலும் கோழியானாலும். பிள்ளையின் டிபன் பாக்ஸில் வாரம் மூன்று நாள் சிக்கன் சாசேஜ் என்ற வழக்கம் வேண்டாம். இறைச்சி உண்பவர்கள் இறைச்சியாகவே வாங்கிச் சமையுங்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டாரிடம் மட்டும் இன்னொன்று. புற்றுநோயும் மாரடைப்பும் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். வட்ட வட்டமாக நறுக்கிய சாசேஜ் துண்டு மூன்று வயதுக் குழந்தையின் மூச்சுக்குழலைக் கச்சிதமாக அடைக்கச் சில நொடிகள் போதும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2010இல், இதன் வடிவத்தையே மாற்றுங்கள் என்று உற்பத்தியாளர்களிடம் கேட்டுக்கொண்டது. வடிவம் மாறவில்லை. நான்கு வயது ஆகும்வரை கொடுக்காமல் இருப்பது நல்லது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு பொடியாக நறுக்கி, உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து ஊட்டுங்கள்.